சென்னைக் கடலுக்கு எத்தனை மில்லிமீட்டர்? மூன்று அலைச்சறுக்கு உடைகள் குறித்த மதிப்பீடு

கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ அலைச்சறுக்குப் பழகத் தொடங்குபவர்கள் பலகையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். மேலே எதை அணிவது என்று கேட்பவர் குறைவு. கேட்பவருக்கும் பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றுதான் கிடைக்கிறது. நம் ஊர்க் கடலுக்கு வெட்சூட் (நீரில் உடல் வெப்பத்தைக் காக்க அணியும் இறுக்கமான ரப்பர் உடை) எதற்கு, வீட்டில் கிடக்கும் பழைய டி-ஷர்ட் போதும் என்பது ஒன்று. கலிபோர்னியாவுக்கோ இங்கிலாந்தின் கார்ன்வாலுக்கோ எழுதப்பட்ட, எந்த நீர் வெப்பநிலைக்கு எவ்வளவு தடித்த உடை என்று கூறும் அட்டவணையை நம்பி, கணுக்கால் வரை மூடும் தடித்த உடையைப் பெரும் விலை கொடுத்து வாங்கச் சொல்வது மற்றொன்று. நனைந்த பருத்திச் சட்டை தோளை இழுத்துத் துடுப்பிடும் கையைச் சோர வைக்கும்; குளிர்நாட்டு உடையோ மே மாதக் கடலில் உடலை வேக வைத்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே சென்னைக்குப் பொருத்தமான உடை ஒன்று இருக்கிறது என்பதும், அது முழு வெட்சூட் அன்று, 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோபிரீன் (வெட்சூட் செய்யப் பயன்படும் செயற்கை நுரை ரப்பர்) மேற்சட்டை என்பதும் என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஒப்பிடுவது மூன்று உடைகளை. முதலாவது, லைக்ரா என்னும் இழுபடும் மெல்லிய செயற்கைத் துணியாலான முழுக்கை மேற்சட்டை. கடைகளில் ரேஷ் கார்டு என்ற பெயரில் விற்பது. இரண்டாவது, மேலே சொன்ன 1.5 மில்லிமீட்டர் நியோபிரீன் மேற்சட்டை, முழுக்கை, ஜிப் இல்லாதது. மூன்றாவது, அரைக்கையும் தொடை வரையும் வரும் 2 மில்லிமீட்டர் ஷார்ட்டி வெட்சூட், முதுகில் ஜிப் உள்ளது. மூன்றும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள். நகரத்தின் பெரிய விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் வாங்கியவை. மாடல் பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருப்பதால் பெயரை வைத்துப் பேசுவதில் பயனில்லை. தடிமன், வெட்டு, தையல் ஆகிய மூன்றையும் வைத்தே பேசுகிறேன். எந்த நிறுவனத்தின் உடையை எடுத்தாலும் இம்மூன்றையும் கொண்டு எடைபோட முடியும்.

உடைக்குப் போவதற்கு முன் கடலைப் பார்க்க வேண்டும். சென்னையை ஒட்டிய வங்கக் கடலின் மேற்பரப்பு ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் 29 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. ஜனவரியில் அது 26, 27 டிகிரிக்கு இறங்குகிறது. ஆண்டு முழுவதற்கும் வேறுபாடு நான்கு டிகிரி அளவுதான். உலகின் பிற பகுதிகளில் உள்ள அலைச்சறுக்குக் கரைகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு வெதுவெதுப்பான நீர் என்பது விளங்கும். சான் பிரான்சிஸ்கோவில் கோடையிலும் கடல் 15 டிகிரியை ஒட்டியே நிற்கும். கார்ன்வாலில் குளிர்கால முடிவில் 10 டிகிரிக்குக் கீழும் போகும். இன்று நாம் அணியும் வெட்சூட்டின் மூல வடிவத்தைக் கலிபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் 1952ஆம் ஆண்டு உருவாக்கியதும், அதே காலத்தில், பின்னர் வெட்சூட் தயாரிப்பில் பெயர் பெற்ற ஜாக் ஓ'நீல் சான் பிரான்சிஸ்கோவில் தம் அலைச்சறுக்குக் கடையைத் திறந்ததும் அந்தக் குளிர்ந்த கரையில்தான். ஆகவே வெட்சூட் பற்றிய வழக்கமான அறிவுரைகள் எல்லாம் குளிர்ந்த நீரையே மனத்தில் கொண்டு பிறந்தவை. 24 டிகிரிக்கு மேல் இருக்கும் கடலுக்கு அந்த அட்டவணைகள் "லைக்ரா அல்லது எதுவும் வேண்டாம்" என்று ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. நமக்கு வேண்டிய விவரம் அந்த வரிக்குள்தான் அடைந்து கிடக்கிறது.

மாதச் சராசரி மறைத்துவிடும் ஒரு செய்தி உண்டு. சென்னையில் கடல் குளிர்வது மார்கழியில் மட்டும் என்று நினைப்பவர்கள், ஜூன், ஜூலை மாதங்களில் சில நாட்கள் கரையோர நீர் திடீரெனக் குளிர்ந்திருப்பதைக் கண்டு வியக்கிறார்கள். நகரமே வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது கடல் மட்டும் ஏன் குளிர வேண்டும்? தென்மேற்குப் பருவக் காற்று நம் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வீசும்போது, பூமியின் சுழற்சி காரணமாக மேற்பரப்பு நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டு ஆழ்கடல் நோக்கித் தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. கேரளக் கரையில் பருவமழைக் காலத்தில் கடலைக் குளிரவைத்து மத்தி மீனுக்கு இரை பெருக்குவதும் கீழ்நீர் இவ்வாறு மேலேறுவதுதான். நம் பக்கம் அது வலுக் குறைந்தது, விட்டு விட்டு வருவது. ஆனால் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் பிறந்து வரும் நீண்ட, ஒழுங்கான அலைகள் கோவளம் முனையை வந்தடைவதும் இதே மாதங்களில்தான். அலை நன்றாக இருப்பதால் நீரில் இரண்டு மணி நேரம் கிடப்பதும் அப்போதுதான்.

வடகிழக்குப் பருவத்தில் நிலைமை வேறு. அக்டோபருக்குப் பிறகு கரையோர நீரோட்டம் திசை மாறித் தெற்கு நோக்கி ஓடுகிறது; வடக்கே கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய உப்புக் குறைந்த நீரை அது நம் பக்கம் கொண்டுவருகிறது. மழை வலுத்து முட்டுக்காட்டு முகத்துவாரம் திறந்துகொண்டால் கழிமுக நீரும் சேரும். இந்தக் காலத்தில் கடல் நீர் 27 டிகிரியில் இருக்கும்போது விடியற்காலைக் காற்று 22 டிகிரியில் இருக்கக்கூடும். நீருக்குள் இருக்கும்போது தெரியாத குளிர், பலகை மேல் ஏறி அடுத்த அலைக்காகக் காத்திருக்கும்போது முதுகில் அடிக்கும் வாடைக்காற்றில்தான் தெரிகிறது. அலைச்சறுக்கில் பெரும் பொழுது இந்தக் காத்திருப்பிலேயே கழிகிறது என்பதை மறக்கக் கூடாது.

இங்கேதான் வெறும் நீர் வெப்பநிலையைக் கொண்டு உடையைத் தேர்ந்தெடுக்கும் முறை தவறுகிறது. உடல் 37 டிகிரியில் இருக்கிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அசையாமல் நீரில் கிடக்கும் மனிதன் வெப்பத்தை இழக்காமல் இருக்க வேண்டுமானால் நீர் 33 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே 27 டிகிரி நீரும் மெல்ல மெல்ல நம்மிடமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். துடுப்பிடும்போது தசைகள் அதை ஈடுகட்டுகின்றன. நிறுத்தும்போது ஈரத் தோலின் மேல் காற்று பட்டு, நீர் ஆவியாகி, இழப்பு கூடுகிறது. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களும் பிள்ளைகளும் முக்கால் மணி நேரத்தில் நடுங்கத் தொடங்குவதை எந்தப் பயிற்சிக் கரையிலும் காணலாம். சென்னையில் உடை செய்ய வேண்டிய முதல் வேலை காற்றைத் தடுப்பது. இரண்டாவது, வெயிலைத் தடுப்பது. நீரின் குளிரைத் தடுப்பது அதற்கும் பிறகுதான்.

இனி உடைகளுக்கு வருகிறேன். லைக்ரா மேற்சட்டை வெயிலைத் தடுப்பதில் மிகச் சிறந்தது. அதன் உட்பட்டையில் அச்சிட்டுள்ள யூபிஎஃப் 50 என்ற குறி, மேலே விழும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ளே போகும் என்பதைக் குறிக்கிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரை சென்னையின் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும் நாட்கள் பல. காலை எட்டு மணிக்கே கழுத்தின் பின்புறம் எரியத் தொடங்கும் நமக்கு இது ஆடம்பரம் அன்று. கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் பூசும் மெழுகும் மணலும் மார்பிலும் வயிற்றிலும் உராய்ந்து தோலைச் சிராய்ப்பதையும் இது தடுக்கிறது. விலையும் மூன்றில் இதுதான் குறைவு. குறை என்னவென்றால், இது வெப்பத்தைத் துளியும் காக்காது. நனைந்து உடலோடு ஒட்டிய நிலையில் காற்று வீசும்போது வெறும் உடலைவிடவும் குளிர்வது போலவே இருக்கும். இரண்டாவது குறை, நான் வாங்கிய சட்டையின் இடுப்புப் பகுதி பெரிய அலை புரட்டும்போதெல்லாம் மார்பு வரை ஏறிவிட்டது. அரைக்கால் சட்டையோடு கோத்துக்கொள்ள உட்புறம் ஒரு சிறு வளையம் தைத்திருக்கும் சட்டைகள் உண்டு. வாங்குபவர்கள் அதைத் தேடி வாங்குவது நல்லது.

2 மில்லிமீட்டர் ஷார்ட்டி, நேர்மையாகச் சொன்னால், நன்றாகச் செய்யப்பட்ட உடை. மார்பிலும் முதுகிலும் காற்றைத் தடுக்கும் வழவழப்பான பரப்பு, கழுத்தில் மென்மையான மடிப்பு, நீண்ட இழுகயிறுள்ள ஜிப் என எதிலும் குறை சொல்ல முடியாது. டிசம்பர், ஜனவரி விடியலில் அது தரும் சுகம் பெரிது. ஆனால் பிப்ரவரி கடந்துவிட்டால் அதை அணிந்துகொண்டு கடலில் இறங்குவது துன்பம். போட்டி விதிகளே இதற்குச் சான்று: திறந்தவெளி நீச்சலுக்கான உலக நீர் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, நீர் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் வெட்சூட் அணிய அனுமதியில்லை, 31 டிகிரிக்கு மேல் போனால் போட்டியையே நடத்தக் கூடாது. நம் மே மாதக் கடல் அந்த மேல் வரம்பை நெருங்கி நிற்கிறது. நீச்சலுக்கான விதி அலைச்சறுக்குக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான்; எனினும் வெப்பம் வெளியேற வழியில்லாத உடையில் கடுமையாக உழைப்பதால் வரும் தலைச்சுற்றலும் குமட்டலும் இரண்டுக்கும் பொது. ஆண்டில் எட்டு, ஒன்பது மாதம் அலமாரியில் தொங்கப்போகும் உடைக்கு லைக்ரா சட்டையைப் போல மூன்று மடங்கு விலை கொடுப்பது, வாரம் தவறாமல் குளிர்கால விடியலில் கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டுமே தகும்.

என்னிடம் அதிகம் உழைப்பது 1.5 மில்லிமீட்டர் மேற்சட்டைதான். நியோபிரீன் வெப்பத்தைக் காப்பது அதற்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகளால். உடலுக்கும் உடைக்கும் இடையே புகும் நீர்ப்படலம் சூடாகி நம்மைக் காக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அந்தப் படலம் எவ்வளவு மெலிதாக, அசையாமல் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதே சரி. 1.5 மில்லிமீட்டரில் இந்தக் காப்பு மிதமானது. ஜூலையில் கீழ்நீர் மேலேறும் நாட்களுக்கும் மார்கழிக் காற்றுக்கும் அது போதுமானது. கால்கள் திறந்திருப்பதால் ஏப்ரல் காலையிலும் முதல் ஒரு மணி நேரம் தாங்கக்கூடியது. மே மாதத்தில் மட்டும் இதையும் கழற்றிவைத்துவிட்டு லைக்ராவுக்கு மாறுகிறேன். வெயிலையும் மெழுகுச் சிராய்ப்பையும் லைக்ரா அளவுக்கே இது தடுக்கிறது. கரையோரம் சொறி மீன்கள் (ஜெல்லி மீன்கள்) பெருகும் நாட்களில் கையும் மார்பும் மூடியிருப்பது கூடுதல் நிம்மதி.

தையலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டையின் மூட்டுகளில் ஊசி இரு பக்கமும் ஊடுருவிச் செல்லும் தட்டைத் தையல் போடப்பட்டிருக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் இதை மலிவான தையல் என்று ஒதுக்குவார்கள், ஏனெனில் ஊசித் துளைகள் வழியே நீர் கசியும். அவர்களுக்குப் பசையிட்டு ஒட்டி, ஊசி பாதி ஆழமே இறங்கும் மறைதையல் வேண்டும். நமக்கோ அந்தக் கசிவே நன்மை. சற்றே நீர் உள்ளே வந்து போவதால் உடல் அளவுக்கு மீறிச் சூடாவதில்லை. தட்டையான மூட்டு தோலை அறுப்பதுமில்லை. கடையில் மறைதையல் போட்ட உடையைக் காட்டி உயர்ந்த ரகம் என்றால், சென்னைக் கடலுக்காக அதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டையிலும் எனக்குக் குறைகள் உண்டு. ஜிப் இல்லாததால் நனைந்த பிறகு தலைவழியே கழற்றுவது பெரும்பாடு. தோள் வலி உள்ளவர்கள் முன்புற ஜிப் உள்ள வடிவத்தைப் பார்க்கட்டும், ஆனால் பலகையில் குப்புறப் படுக்கும்போது அந்த ஜிப் நெஞ்சை அழுத்தும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்குளில் சிராய்ப்பு ஏற்படுகிறது. அதற்குப் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவினால் நியோபிரீன் கெட்டுவிடும். உள்ளே மெல்லிய கையில்லா லைக்ராவை அணிவது நல்ல தீர்வு. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது நிறம். முழுக் கருப்பு. மணலில் பலகையைச் சுமந்து நடக்கும்போது அது வெயிலை உறிஞ்சுகிறது என்பது சிறிய குறை. கலங்கிய நீரில் கருப்புடை அணிந்தவரைத் தொலைவிலிருந்து பார்க்க முடியாது என்பது பெரிய குறை. கோவளம் மீனவர்களின் ஊர். விடியலில் ஃபைபர் படகுகள் நமக்கு அருகிலேயே போய்வருகின்றன. படகோட்டியின் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும். தோளிலோ கையிலோ ஆரஞ்சு, மஞ்சள் பட்டை உள்ள உடையைத் தயாரிப்பாளர்கள் வெதுவெதுப்பான கடல்களுக்கும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை.

அளவு பார்ப்பதில் அவசரம் கூடாது. உடையின் தரம் எதுவானாலும் அளவு பிசகினால் பயனில்லை. அணியும்போது உலர்ந்த நிலையில் சற்று இறுக்கமாக, ஆனால் மூச்சை முழுதாக இழுத்துவிடும்படி இருக்க வேண்டும். நீரில் நனைந்ததும் அது தளரும். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் துடுப்பிடுவது போல் சுழற்றிப் பாருங்கள். அக்குளில் துணி சேர்ந்து மடிந்தாலோ தோளில் இழுத்தாலோ அது உங்களுக்கான வெட்டு அன்று. அடிமுதுகில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் ஒவ்வொரு அலையிலும் அங்கே நீர் புகுந்து வெளியேறும். ஷார்ட்டிக்குக் குந்தி உட்கார்ந்து பார்ப்பதும் அவசியம். நான் வாங்கிய நிறுவனத்தின் அளவு அட்டவணை ஐரோப்பிய உடல்வாகுக்கு எழுதப்பட்டது. மார்பளவைப் பார்த்து எடுத்தால் கைநீளம் மணிக்கட்டைத் தாண்டிப் போகிறது. இணையத்தில் வாங்காமல் கடைக்கே சென்று அணிந்து பார்க்குமாறு நான் வற்புறுத்துவது இதனால்தான். நான் போன கடையில் உடை மாற்றும் அறை வசதியாக இருந்தது. பணியாளர் நேரம் கொடுத்தார், ஆனால் எந்தத் தடிமன் எந்த மாதத்துக்கு என்ற கேள்விக்கு அவரிடமும் பெட்டியில் அச்சிட்ட டிகிரிக் கணக்கைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

கடலின் அன்றைய வெப்பநிலையை அறிய விரும்புவோருக்கு ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வழிகாட்டுகிறது. செயற்கைக்கோள் தரும் மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் கொண்டு மீன் கிடைக்கும் இடங்களை மீனவர்களுக்கு அறிவிப்பதும், அலை, காற்று முன்னறிவிப்பு தருவதும் இதே மையம்தான். செயற்கைக்கோள் காண்பது கடலின் மேல்தோலை மட்டுமே. கரையிலிருந்து ஐம்பது மீட்டரில் நீங்கள் இறங்கும் நீர் அதிலிருந்து ஓரிரு டிகிரி வேறுபடலாம். ஆகவே எண்ணைப் பார்த்துவிட்டு, அன்று காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வீசுகிறது என்பதையும் பார்த்து உடையை எடுங்கள். பலகைக்குப் பூசும் மெழுகும் நீரின் வெப்பத்தைப் பொறுத்ததே. சென்னையில் ஆண்டு முழுவதும் வெப்பமண்டல ரக மெழுகு ஒன்றே போதும், மற்றவை உருகி வழியும்.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நியோபிரீனின் பெரும் பகை உப்பு அன்று, வெயில். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி, நிழலில் காயவையுங்கள். மொட்டை மாடிக் கொடியில் போட்டால் சில மாதங்களில் வெடித்து, மீளும் தன்மையை இழந்துவிடும். ஹேங்கரில் தோள்பட்டையை மாட்டாமல் இடுப்பில் மடித்துத் தொங்கவிடுவது நல்லது. வாஷிங் மெஷினும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் பரிந்துரை மாறுகிறது. சிறிய உடல் வேகமாக வெப்பத்தை இழப்பதால், பெரியவர்களுக்கு நான் வேண்டாமென்ற 2 மில்லிமீட்டர் ஷார்ட்டி அவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும், ஜூன், ஜூலைக் காலைகளிலும் பொருத்தமானது. பள்ளிச் சீருடை வாங்குவதுபோல, வளரும் பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக மட்டும் எடுக்காதீர்கள். தொளதொளவென்ற வெட்சூட்டுக்குள் புகும் நீர் சூடாவதற்குள் வெளியேறிவிடும், பிள்ளை உடை இல்லாமல் இருப்பதைவிடக் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு நடுங்கும். ஓராண்டுக்குள் சிறிதாகிவிடும் உடைக்குச் செலவு செய்யத் தயக்கம் இருந்தால், பயிற்சிப் பள்ளியில் வாடகைக்கோ இரவலாகவோ கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைத்தால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதையே வாங்கி அணிவியுங்கள்.